கதாநாயகன் வருவான்; முக்காலி வராது!



நான் சினிமா விமர்சகன் அல்ல. தாம்பரம் கடப்பேரியில் குடியிருப்பவன். முப்பது வருஷம் மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு, இப்போது டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். பழைய படம், புதுப் படம், சீரியல், எது வந்தாலும் பார்க்கிறேன்.

"தொழிலாளிக்கு எதற்கையா சினிமாப் பேச்சு? சங்க வேலை பாரும்!" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஒருவன் உங்கள் வீட்டுக்குள் வந்து, உங்கள் மனைவி மக்களிடம் பேசிவிட்டுப் போகிறான். அவன் யார், யாருக்காகப் பேசுகிறான் என்று விசாரிக்க மாட்டீர்களா? அந்த விசாரணைதான் இது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தாம்பரம் - கடற்கரைப் பாதையில் காலையில் போகிறாள். இரவு பத்தரைக்கு வீடு திரும்புகிறாள். ரயிலில் இடம் கிடைத்தால் உட்காருவாள். கடையில் அதுவும் கிடையாது. வந்தவுடன் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, கல் உப்பைப் போட்டு, வீங்கிய காலை அதில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன சீரியலைச் செல்போனில் பார்க்கிறாள். அவள் காலையும் அந்தச் சீரியலையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சீரியல் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள்?

சீரியல் எல்லாமே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் பாட்டைக் காட்டியது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஒவ்வொரு ஏழையும் அதில் தன்னைப் பார்த்தான். 2022-ல் வந்த 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரன் அதட்டும்போதெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் பல்லைக் கடித்தார்கள். மருமகள்கள் எதிர்த்துப் பேசியபோது கை தட்டினார்கள். நல்லதுதான், தட்டட்டும்!

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தப் பெரிய வீடுகளில் சொத்துச் சண்டை நடக்கிறது, கம்பெனிச் சண்டை நடக்கிறது. அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவன் எங்கே? சானடோரியம் மெப்ஸ் வாசலில் ஷிப்டு விட்டு வெளியே வருகிற பெண்கள் கூட்டத்தை எந்த எபிசோடில் பார்த்தீர்கள்? 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். அந்த ஆலையில் தயாராகும் பொருள்களில் டி.வி.யும் ஒன்று. பெட்டியைச் செய்கிறவனுக்குப் பெட்டிக்குள் இடமில்லை!

வயலில் வேலை செய்யும் தோழர்களே, உங்கள் கதியும் அதுதான். நாற்று நடும் பெண்கள் சினிமாவில் பாட்டுக்கு வருவார்கள். பாட்டு முடிந்ததும் போய்விடுவார்கள். அன்றைய கூலி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு இட்லியில் பொதுவுடைமை

சரி, நம்மைப் பற்றிய படங்களே வரவில்லையா? வந்தன. 2014-ல் வந்த 'கத்தி' விவசாயிகளின் தற்கொலையைப் பேசியது. தண்ணீரை உறிஞ்சும் கம்பெனியைப் பேசியது. பட்டணத்துக்காரர்களைக் கேட்க வைத்தது. மறுக்கவில்லை. அதே படத்தில் கம்யூனிசம் என்றால் என்ன என்று ஒரு இட்லிக் கணக்கில் கதாநாயகன் விளக்குகிறார்: நம் பசி தீர்ந்த பிறகு தின்னும் இட்லி அடுத்தவனுடையதாம். தியேட்டர் அதிர்ந்தது. நான் கேட்பது: அரிசி யாருடைய வயலில் விளைந்தது? அறுத்தவனுக்கு என்ன கிடைத்தது? மில் யாருடையது? இதைக் கேட்காத விளக்கத்துக்குப் பெயர் தருமம், பொதுவுடைமை அல்ல. தண்ணீர்க் குழாய்க்குள் போய் உட்காரும் முதியவர்களும் அந்தப் படத்தில் உண்டு. ஆனால் யோசனை சொல்வது கதாநாயகன், அடிப்பது கதாநாயகன், ஜெயிப்பது கதாநாயகன். ஊர் பின்னால் நிற்கிறது.

1981-ல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் ஊரே கூடிக் கால்வாய் வெட்டியது. போலீஸ் வந்து தடுத்தது. அதில் வெற்றியில்லை, ஆனால் பொய்யும் இல்லை.

2021-ல் நேராக வீட்டுத் திரைக்கே வந்தது 'ஜெய் பீம்'. இன்றைய கடலூர் மாவட்டத்தில் 1993-ல் போலீஸ் அடித்துக் கொன்ற ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை. நிஜத்தில் அவர் குறவர், படத்தில் இருளர். வழக்கை நடத்தியவர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான சந்துரு. எங்கள் தெருவில் அழாதவர் இல்லை. படத்தில் செங்கொடியும் தெரிகிறது. ஆனால் நிஜத்தில் அந்த விதவையோடு உள்ளூர்த் தோழர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். மிரட்டலுக்குப் பணியாமல் நின்றார்கள். திரையில் நம் மனதில் பதிவது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர்தான். சந்துரு மேல் குறையில்லை. ஒரு சந்துரு இல்லாத ஊரில் ஏழை என்ன செய்வான் என்பதே என் கேள்வி.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். 1960-லேயே நிமாய் கோஷ் டைரக்ஷனில், எம்.பி.சீனிவாசன் இசையில் 'பாதை தெரியுது பார்' வந்தது. தொழிலாளர் போராட்டத்தைக் காட்டிய படம். எடுத்தவர்கள் படத்தோடு நிற்கவில்லை. சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டவும் பாடுபட்டார்கள். என் வீட்டு டி.வி.யில் நான் அதைப் பார்த்தது ஒருநாளும் இல்லை.

சட்டம் எப்படி வந்தது?

போன மாதம் அந்தப் பெண்ணுக்கு வார லீவு. டி.வி.யில் 'அங்காடித் தெரு' ஓடியது. வசந்தபாலன் 2010-ல் எடுத்த படம். ரங்கநாதன் தெருக் கடையில் நின்றே தேயும் பிள்ளைகளின் கதை. "பெரியப்பா, இது எங்க கடையேதான்!" என்றாள். கடைசியில் நடைபாதையில் தூங்கும்போது வண்டி ஏறிக் கனிக்குக் கால் போகிறது. லிங்கு அவளை மணக்கிறான். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் சொன்னேன்: "அம்மா, அழுதது போதும். இந்தப் படத்தில் இல்லாத ஒரு காட்சியைச் சொல்கிறேன், கேள்."

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். முதலாளிகள் சிரித்தார்கள். பெண்கள் விடவில்லை. 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் மசோதா வந்தது. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. எந்தக் கதாநாயகனும் இதற்காகப் பறந்து அடிக்கவில்லை.

"எங்க கடையிலும் ஒரு முக்காலி இருக்கு, பெரியப்பா. அதுமேல துணி மூட்டை வச்சிருக்காங்க" என்றாள் அவள்.

பார்த்தீர்களா? சட்டம் வந்தாலும் முக்காலியில் மூட்டைதான் உட்காருகிறது. அந்த மூட்டையை இறக்க சங்கம் வேண்டும்.

படம் முடிந்ததும் பெட்டியை அணையுங்கள்!

ஆகவே, தோழர்களே, டி.வி.யை உடைக்கச் சொல்லவில்லை. பாருங்கள், சிரியுங்கள், அழுங்கள். முடிந்ததும் கால் மணி நேரம் பெட்டியை அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரோடு மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் வேலை செய்கிறவன் யார்? அவன் துயரத்துக்குக் காரணம் யார்? அது தீர்ந்தது ஒருவன் கையாலா, பலர் கையாலா?

அந்தப் பெண் கேட்டாள். ரயிலில் கூட வரும் ஒன்பது பெண்களிடமும் கேட்டாள். பத்துப் பேரும் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வேலை போகும் என்ற பயம் அவர்களுக்கு இல்லாமலில்லை. ஒருத்தி போட்டால் ஒருத்தியை அனுப்பலாம்; பத்துப் பேர் போட்டால் யோசிப்பான். நூறு பேர் போட்டால்?

தி.நகர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் கடைகளில் நிற்கும் பெண்கள் உங்கள் மகள்கள், உங்கள் தங்கைகள். இன்றிரவு அவர்கள் வெந்நீரில் காலை வைக்கும்போது சீரியல் கதையைக் கேட்காதீர்கள். "உன் கடையில் முக்காலி இருக்கிறதா? அதில் யார் உட்காருகிறார்?" என்று கேளுங்கள்!