மூச்சைக் காக்கும் தமிழ்

2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்ணில் எழுந்த இடிமின்னற் புயலிலே, புல்லின் மகரந்தம் நுண்துகள்களாய்ச் சிதறிக் காற்றிற் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோரில் தெற்காசியர் பலர். முன்னர் தொய்வு நோய் அறியாதோரும் இருந்தனர்.

2017 முதல் விக்டோரிய அரசு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை இவ்வபாயத்தை முன்னறிவித்து வருகின்றது. காற்றின் தரத்தையும் இணையத்தில் அறியலாம். ஆயினும் ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுக்கு அதனால் யாது பயன்?

எம் பிள்ளைகள் காலைதோறும் அதனை வாசித்து, "அம்மம்மா, இன்று அபாயம் அதிகம், புயலுக்கு முன் உள்ளே வாங்கோ, யன்னலைச் சாத்துவம்" என்று சொல்லுதல் வேண்டும். மேடையிற் பேசும் தமிழ் சிறப்பே. மூச்சைக் காக்கும் தமிழ் அதனினும் சிறப்பு என்போம்.