கட்டி தானே வெட்டும் வாய்க்கால்



மூளையில் கட்டி ஏற்பட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தன் கணவருக்குச் சில மாதங்களிலேயே அது திரும்ப வந்துவிட்டதாக ஒரு சகோதரி கண்ணீருடன் கூறினார். வைத்தியர் அதைக் கிளியோபிளாஸ்டோமா என்றாராம். "இரத்தம் போகாமல் தடுத்தால் கட்டி வாடிவிடுமாம். அதற்கு ஓர் ஊசி இருக்கிறதாம். தாலிக்கொடியை விற்றாவது போடட்டுமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன், கட்டிக்கு இரத்தம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நமது உடல் எடையில் மூளை 2 வீதம் மட்டுமே. ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதம் அதற்கே செலவாகிறது. அதனால் மூளையெங்கும் குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. அங்கு தோன்றும் கட்டி முதலில் இந்தக் குழாய்களைச் சுற்றிப் படர்ந்தே பிழைக்கிறது. வளர வளர, அதன் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் எட்டுவதில்லை. பட்டினி கிடக்கும் கலங்கள் அப்போது வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அயலிலுள்ள குழாய்களுக்கு அது ஓர் அழைப்பு. அவற்றிலிருந்து புதிய கிளைகள் கட்டியை நோக்கி முளைக்கின்றன. காயம் ஆறும்போதும் இதுவே நடக்கிறது. ஆனால் காயம் ஆறியதும் வேலை நின்றுவிடும். கட்டியில் அது நிற்பதில்லை.

இப்படிப் புதிய குழாய்கள் கிடைக்காவிட்டால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளர முடியாது என்று அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா போக்மன் 1971இல் எடுத்துரைத்தார். குழாய்களைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்தே பிறந்தது.

அவசரத்தில் வெட்டிய வாய்க்காலின் வரம்பு கசிவதைப்போல, இந்தப் புதிய குழாய்களும் கசிகின்றன. கசியும் நீரால் மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காது. ஆகவே தலையிடி, வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் வருகின்றன. வீக்கத்தைக் குறைக்கவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். அதை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

சகோதரி கேட்ட ஊசியின் பெயர் பெவசிசுமாப். அது வி.ஈ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு அமெரிக்கா 2009இல் இதற்கு அனுமதி வழங்கியது. வீக்கம் குறைகிறது, கட்டி மீண்டும் வளர்வது சில மாதங்கள் தள்ளிப்போகிறது. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களிடம் செய்து 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளும், நோய் திரும்பியவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வும், இந்த ஊசியைச் சேர்ப்பதால் ஆயுள் கூடவில்லை என்றே காட்டின. ஒரு வாய்க்காலை அடைத்தால் கட்டி வேறு வழி தேடுகிறது. பழைய குழாய்களை ஒட்டி மீண்டும் படர்கிறது. கட்டியின் சில கலங்கள் தாமே குழாய்ச் சுவராக மாறக்கூடும் என்றும் 2010இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஆகவே சகோதரி, இந்த ஊசியால் நோய் குணமாகாது. ஆனாலும் அது முற்றிலும் பயனற்றதல்ல. தலையிடி தணியலாம், ஸ்டீரொயிட் மாத்திரையின் அளவைக் குறைக்க முடியலாம். மறுபக்கம் இரத்த அழுத்தம் கூடலாம், இரத்தக் கசிவு ஏற்படலாம், காயம் ஆறத் தாமதமாகலாம்.

தாலிக்கொடியில் கைவைக்குமுன் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவருக்கு இதனால் எந்தக் கஷ்டம் குறையும்? எத்தனை ஊசிகளின் பின் பலன் தெரியும்? பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவோம்? பதில்களைக் கணவரோடும் இருந்து பேசுங்கள். எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து எடுக்கும் முடிவு எதுவானாலும், பின்னர் அது உங்கள் மனதை உறுத்தாது.