தட்டைப் பற்றிப் பேசினால் என்ன?

“என் தட்டில் என்ன இருக்கிறது என்று பேச நீ யார்?” தாம்பரத்திலோ சேலையூரிலோ ஒருவர் தன்னை வீகன் என்று சொல்லிக்கொண்டு, கறி மட்டுமல்ல பாலும் வேண்டாம் என்று பேச ஆரம்பித்தால், உடனே விழும் பதில் இது. அடுத்தது வசவு: அவாள், சங்கி, வெளிநாட்டுக் கைக்கூலி. அடுத்தவர் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறப்பதே வன்முறை என்பதில் மட்டும் நம்மூர் முற்போக்காளர்களும் பழமைவாதிகளும் அதிசயமாக ஒத்துப்போகிறார்கள். நான் வஞ்சிரமும் ஆட்டுக்கறியும் சாப்பிடுகிறவன், மாட்டுக்கறியோடும் எனக்குப் பகையில்லை. ஆனாலும் இந்த நம்பிக்கை தப்பு என்கிறேன். யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறதோ, அவர்களையே இது நட்டாற்றில் விடுகிறது.

நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ பலகை தெரியும். அந்தப் பலகை யாரோடும் வாதம் செய்வதில்லை. “கறி தின்னாதே” என்று அறிவுரை சொல்வதும் இல்லை. கதவைச் சாத்திவிடுகிறது, அவ்வளவுதான். பலகை இல்லாத வீட்டுக்குப் புரோக்கர் இருக்கிறார், “நான்வெஜ்ஜா சார்?” என்று போனிலேயே முடித்துவிடுவார். அந்தக் கேள்வி கறியைப் பற்றியது மட்டுமல்ல என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். இந்தப் பலகையின் மேல் யாரும் கல்லெறிவதில்லை. ‘அவர் வீடு, அவர் இஷ்டம்’ என்று நகர்ந்துவிடுகிறோம். காரணம் சொல்லி, மறுப்புக்கும் இடம் கொடுத்துப் பேசுகிற வீகன்தான் நமக்கு எதிரி.

கிண்டி ஐஐடியில் 2018 டிசம்பரில் ஒரு மெஸ்ஸில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று தாள் ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தாள் போய்விட்டது. அதற்கு முந்தின ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 2017 மே 23 அன்று கால்நடைச் சந்தைகளில் வெட்டுக்கு மாடு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசின் விதி வந்தது. அதை எதிர்த்து அங்கே மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து வைத்தார்கள். இரண்டே நாளில், அதில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு, கண்ணில் பலத்த காயம் பட்டார். விதி, தனி வாசல், அடி: மூன்றிலும் பேச்சு எங்கே இருக்கிறது? பேச்சைக் கைவிட்ட இடத்தில்தான் இவை தொடங்குகின்றன.

அரசே செய்கிற கூத்து ஒன்று உண்டு. புலால் மறுத்தலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். கறி தின்கிற தமிழர்கள் அதைப் படித்து, தலையாட்டி, கறியும் தின்றுகொண்டு இத்தனை நூற்றாண்டுகள் ஓட்டிவிட்டோம். அவர் பேசினார், நாம் கேட்டோம், கேட்டபடி நடக்கவில்லை. யாருக்கும் காயமில்லை. இன்றோ திருவள்ளுவர் தினத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி அறிவிப்பு வருகிறது. அந்த நாள் மாட்டுப் பொங்கலோடு வந்து நிற்கும். வாங்குகிறவர்கள் முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார்கள், கடைக்காரருக்குத்தான் பொங்கல் வியாபாரம் போகிறது. சினம் கொள்ள வேண்டுமானால் இந்த அறிவிப்பின் மேல் கொள்ளலாம்.

2017 ஜனவரிக்கு வருகிறேன். ஜல்லிக்கட்டுப் போராட்டம் சூடுபிடித்த நேரம். நடிகை த்ரிஷா விலங்குரிமை அமைப்பான பீட்டாவோடு சேர்ந்து நாய்களைத் தத்தெடுக்கச் சொன்னவர். அது போதாதா? காரைக்குடிப் பக்கம் அவருடைய ‘கர்ஜனை’ படப்பிடிப்பை மறித்தார்கள். அவர் செத்துப்போனதாகப் போலி அஞ்சலிப் படம் சுற்றியது. அவருடைய தாயார் போலீஸ் கமிஷனரிடம் புகாரோடு போனார். ஜல்லிக்கட்டை ஆதரித்த கமல்ஹாசனே, அவரைக் காயப்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜல்லிக்கட்டுக்கு எதிராகத் தான் எதுவும் சொல்லவில்லை என்று த்ரிஷா விளக்கம் கொடுத்தார். ஆதரவாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்துவது அந்த விளக்கம்தான். சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் அஞ்சலிப் படம் நியாயமாகிவிடுமா?

பீட்டா பேச்சோடு நிற்கவில்லை, வழக்காடி 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் தடையே வாங்கிவிட்டது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியதில் குறை காண மாட்டேன், தடைக்கு எதிர்ப்பு தெருவில்தான் கிளம்பும். ஆனால் எல்லாம் வெளிநாட்டுச் சதி என்ற பாட்டு வேண்டாம். அந்த வழக்கில் பீட்டாவோடு சேர்ந்து வாதாடிய விலங்குகள் நல வாரியத்தை 1962-இல் நிறுவி நடத்தியவர் ருக்மிணிதேவி அருண்டேல். வழக்கு நடந்த காலத்தில் வாரியத்தின் தலைமையகம் இருந்தது நம் திருவான்மியூரில்.

வீகன் என்றால் அக்கிரகாரச் சமையலறையின் புதுப்பெயர் என்கிறார்களே, அதைப்போல் அபத்தம் வேறில்லை. வீகன் நெய்யை எதிர்க்கிறார், தயிர்சாதத்தை எதிர்க்கிறார், பாலபிஷேகத்தையும் பட்டுப்புடவையையும் எதிர்க்கிறார். சோழிங்கநல்லூர் ஆவின் பால்பண்ணையிலிருந்து விடியுமுன் வந்திறங்கும் பாக்கெட்டைக் காட்டி அவர் சொல்லும் கணக்கு இது: பசு கன்று போட்டால்தான் பால். கன்றுகளில் பாதி காளை. ஏர் உழ டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் விற்றால்தான் மாடு வளர்ப்பவர் பிழைக்க முடியும், விற்றால் பெரும்பாலும் அது போகிற இடம் வெட்டுக்கூடம். ஆகவே பால் குடிப்பவருக்கு மாட்டுக்கறிக்காரரைத் திட்டும் யோக்கியதை இல்லை. மாட்டுக்கறி விருந்து வைத்த மாணவர்கள் சொல்லியிருக்க வேண்டிய வாதம் இது! அதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறவரைத்தான் சங்கி என்று துரத்துகிறோம்.

பசுவைப் போற்றுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு இனிக்கவில்லை. 2021 மே மாதம், தாவரப் பாலுக்கு மாறுங்கள் என்று பீட்டா அமுலுக்குக் கடிதம் எழுதியது. பத்துக் கோடிப் பால் உற்பத்தியாளர்களின் பிழைப்புக்கு யார் பொறுப்பு என்று அமுலின் நிர்வாக இயக்குநர் சோதி திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி, அதோடு விட்டிருக்கலாம். அமுலின் துணைத் தலைவரோ, பீட்டாவைத் தடை செய்யுங்கள் என்று பிரதமருக்கே எழுதினார். ஒரு கடிதத்துக்குப் பதில் தடையாம்.

வீகன்காரர்களில் பலருடைய பேச்சு எரிச்சலூட்டுவது உண்மைதான். பாதாம் பால் வாங்க வசதியுள்ளவர் முட்டை வாங்கக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு அறம் போதிப்பதைக் கேட்கச் சகிக்காது. ஆனால் வள்ளலார் அதைவிடக் கடுமையாகப் பேசியவர். புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்றே பிரித்து வைத்தார். அவர் 1867 மே 23 அன்று வடலூரில் திறந்த தருமசாலையில், பசி என்று வந்த புற இனத்தாருக்கும் சோறு உண்டு. அவருடைய பேச்சை ஏற்காதவர் இலையில் உட்காரலாம். தனி வாசல் ஒட்டியவர்களோடு அவரை ஒரே தட்டில் வைத்து எடைபோட என்னால் முடியாது.

வீகன் நண்பரிடம் கேட்க எனக்கும் கேள்விகள் உண்டு. பால் விற்பனை நின்றால், ஒற்றை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற படப்பைப் பக்கத்துப் பெண்ணுக்கு மாதாந்திர வருமானம் எங்கிருந்து வரும்? குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே 1912-இல் சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. பல்லாவரம் தோல் பதனிடும் தொழிலை நம்பிய குடும்பங்களுக்கு என்ன மாற்று வைத்திருக்கிறீர்கள்? உங்கள் குடியிருப்புச் சங்கம் கறி சமைக்கிறவருக்கு வீடு இல்லை என்று தீர்மானம் போட்டால் எழுந்து எதிர்ப்பீர்களா, அல்லது ஒரு ஆடு தப்பித்தது என்று பேசாமல் இருந்துவிடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மற்ற இரண்டையும் பற்றி நான் மேற்கொண்டு பேசுவேன்.