புத்திமதி சோறாகாது, ஒத்திகை சுவராகாது

குழந்தை மெலிந்து மடிந்தால், "தாய்க்கு அறிவில்லை" என்கிறார்கள். பாடசாலை இடிந்து மாணவர் மாண்டால், "இயற்கை சீறிவிட்டது" என்கிறார்கள். இவ்விரு வாசகங்களும் ஒரே பட்டறையில் அடிக்கப்பட்டவை. ஒன்று பழியை ஏழைத் தாயின் தலையில் ஏற்றுகிறது. மற்றது அதனை மண்ணுக்கடியில் புதைக்கிறது. இரண்டிலும் தப்பித்துக்கொள்வோர், அதிகாரமும் பணமும் கையிலிருந்தும் கடமை செய்யாதோரே. இதற்கு நேபாளம் தெளிவான சாட்சியம் தருகிறது.

அந்நாட்டுத் தாய்மாருக்குச் 'சர்வோத்தம் பிட்டோ', அதாவது மிகச் சிறந்த மா, செய்யும் முறை கற்பிக்கப்படுகிறது. சோயா அல்லது பருப்பு இரண்டு பங்கு, சோளம் ஒரு பங்கு, கோதுமை ஒரு பங்கு. வறுத்து, அரைத்து, கஞ்சியாக்கிக் கொடுத்தால் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அருமையான உணவு. 1988இல் தொடங்கிய பெண் சுகாதாரத் தொண்டர் இயக்கத்தினர் சம்பளமின்றி மலையேறிச் சென்று இத்தகைய அறிவைப் பரப்புகின்றனர். அவர்தம் உழைப்பை நாம் வணங்குகிறோம். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுவதென்ன? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர், மிக வறிய ஐந்திலொரு பங்கினரிடையே நூற்றுக்கு 49. மிகச் செல்வமுள்ள ஐந்திலொரு பங்கினரிடையே 17.

ஏழைத் தாய் மட்டும் பாடத்தை மறந்துவிட்டாளா? கணவன் வளைகுடாவிலோ மலேசியாவிலோ கூலியாக இருக்க, வயலும் மாடும் விறகும் தண்ணீரும் அவள் தோளிலே கிடக்கின்றன. படிக்கட்டு வயலின் விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாது. அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கு, ஊட்டிய கஞ்சியையும் உடலில் தங்கவிடாது. அவளுக்குக் குறைவாக இருப்பது அறிவு மாத்திரமன்று. தானியமும் நேரமும் நல்ல நீருமாகும்.

"போதனையால் நிலைமை திருந்தவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். திருந்தியதுதான். 2001இல் நூற்றுக்கு 57 ஆக இருந்த வளர்ச்சிக் குறைவு 2022இல் 25 ஆகத் தாழ்ந்தது. ஆனால் போதனையுடன் பெண் கல்வியும் கழிப்பறையும் மருத்துவ வசதியும் வருமானமும் சேர்ந்து உயர்ந்தமையால் கிடைத்த வெற்றி அது. அறிவு வசதியோடு கைகோத்தபோதுதான் பலித்தது.

இனிப் பாடசாலைக்கு வருவோம். 2015 ஏப்ரில் 25ஆந் திகதி நண்பகலுக்குச் சற்று முன் நேபாளத்தை உலுக்கிய பூகம்பத்தாலும், மே 12இல் நேர்ந்த அடுத்த பேரதிர்ச்சியாலும் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் சேதமுற்றன. சுமார் 25,000 வகுப்பறைகள் முற்றாக அழிந்தன. முதல் அதிர்ச்சி நேர்ந்தது சனிக்கிழமை. அது அங்கே வாராந்த விடுமுறை நாள். ஒரு தலைமுறையைக் காத்தது அரசாங்கமன்று, நாட்காட்டி!

நாட்காட்டி கைவிட்டால் நிகழ்வதைப் பாகிஸ்தான் கண்டது. 2005 ஒக்டோபர் 8ஆந் திகதி காலை, பாடம் நடந்துகொண்டிருந்தபோது காஷ்மீர்ப் பகுதி அதிர்ந்தது. 17,000க்கு மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர். மேசைக்கடியில் பதுங்கும் ஒத்திகை நல்லதே. ஆயினும் கூரை முழுவதும் சரிந்து விழும்போது மேசை என்ன செய்யும்?

பூகம்பம் இயற்கையானது, சுவர் மனிதன் கட்டியது. சேற்றுச் சாந்தில் கல்லடுக்கிய சுவர் அதிர்ச்சியில் பிளந்து சரியும். அத்திவாரத்தின் மேலும், கதவு யன்னல்களின் தலைமட்டத்திலும், கூரையடியிலும் கம்பியிட்ட கொங்கிறீற்றுப் பட்டிகளால் சுவர்களை இறுக்கிக் கட்டினால், சுவரின் இரு முகங்களையும் நீண்ட கற்களால் பிணைத்தால், உயிர் தப்பும் வாய்ப்பு பெருகும். பக்தபூர் மாவட்டத்து நாங்கேல் கிராமத்தில் 1990களின் இறுதியில் ஒரு பாடசாலை பலப்படுத்தப்பட்டது. உள்ளூர் மேசன்மார் அவ்வேலையிலேயே பயிற்சி பெற்றனர். 2015இல் அக்கட்டிடம் நிலைத்து நின்றது. அறிவுடன் சீமெந்தும் கம்பியும் கூலியும் சேர்ந்தமையின் பயன் இது.

சட்டமும் வேண்டும். 1933 மார்ச் 10ஆந் திகதி மாலை கலிபோர்னியாவின் லோங் பீச் நகர்ப் பாடசாலைகள் இடிந்தபோது, நல்லூழாக மாணவர் வீடு சென்றிருந்தனர். ஒரு மாதத்துக்குள், அரசின் கண்காணிப்பின்றிப் பொதுப் பாடசாலை கட்டலாகாதெனச் சட்டம் பிறந்தது. பிழைத்த பிள்ளைகளைக் கண்டு ஆறுதலடைந்ததோடு அங்கே மக்கள் நின்றுவிடவில்லை.

இலங்கையில் பெரும் பூகம்பம் அரிது. ஆனால் பழியைத் தாயின் மேற் போடும் வழக்கம் அரிதன்று. 1973 முதல் இங்கு திரிபோஷா வழங்கப்படுகிறது. எனினும் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வளர்ச்சி குன்றிய சிறார் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. பொருளாதாரம் சரிந்த 2022இல் அம்மாவுக்கே தட்டுப்பாடு வந்தது. பையில் மா இல்லாதபோது கரும்பலகையில் போஷாக்குப் படம் வரைந்து யாருக்குப் பயன்?

ஆசிரிய நண்பர்களே, மாணவ தோழர்களே! கற்பிப்பதை நாம் கைவிடச் சொல்லவில்லை. அதுவே நமது தொழில். ஆனால் போஷாக்குப் பாடம் நடத்துமுன் அந்தத் தாயின் நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். ஒத்திகை நடத்துமுன் அந்தச் சுவரைச் சோதித்தவர் யாரென்று கேட்போம். விடை வரும்வரை கேட்போம். கேள்வி கேட்காத கல்வி, கடமை தவறியோருக்குக் குடை பிடிப்பதாகவே முடியும்.