கொஞ்சமும் நஞ்சே!

"கொஞ்சம்தானே, உடம்பு வலி போகும்!" கருவுற்ற தாய்க்குப் பிராந்தியை நீட்டுவோர் பேசும் வாதம் இது. ஐயங்கார்குளத்து வயலில் குனிந்து நாற்று நடும் தாய்க்கு வலி உண்டு, மறுக்கவில்லை நாம். ஆனால், அவள் விழுங்கும் மது தொப்புள்கொடி வழியே குழந்தைக்கும் போகிறதே! அதை முறிக்கும் ஆற்றல் அந்தப் பிஞ்சுக் கல்லீரலுக்கு ஏது?

மிகுதியாகக் குடித்த தாய்மார் ஈன்ற குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறையும் முக மாற்றமும் கண்டு, 1973-இல் அக்கேட்டுக்குப் பெயரிட்டனர் அமெரிக்க மருத்துவர்கள் ஜோன்சும் ஸ்மித்தும். சிறிதளவு குடித்தால்? 'இவ்வளவுவரை அச்சமில்லை' என்று எல்லை காட்ட இன்றுவரை எந்த ஆராய்ச்சியாலும் முடியவில்லை. ஆகவே, அறவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்க மதுப்புட்டியில் 1989 முதல் கருவுற்றோருக்கு எச்சரிக்கை உண்டு. இங்கோ? 2019 முதல் இந்தியச் சட்டம் கேட்கும் வாசகம், உடல்நலக் கேட்டையும் குடித்து வண்டி ஓட்டுவதையும் பேசுகிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி மூச்சில்லை! அரசின் டாஸ்மாக் விற்கும் புட்டியில் அந்த ஒரு வரியைத் தமிழில் அச்சிட என்ன தடை?

தோழர்களே! சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாயின் வலிக்குத் தேவை ஓய்வு. அவள் சுமையை நீங்கள் தூக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லக் கருவிலுள்ள பிள்ளைக்கு வாயில்லை. அதற்காக நாம் சொல்வோம்!