நாய்க்கும் ஜாதியா?

சிதம்பரத்திலுள்ள நமது நண்பர் ஒருவர் சில காலத்திற்கு முன் ஒரு நாய்க்குட்டி வாங்கினார். அவர் தமது கலியாணத்தையே புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாமல் நடத்திக் கொண்டவர். அப்படிப்பட்டவர் குட்டி வாங்கப் போன இடத்தில் விசாரித்த விசாரணையைக் கேட்டால் வாசகர்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். கால் நகங்களை எண்ணினார். உடம்பில் ஒரு கறுப்பு மயிராவது இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அசல் ஜாதிதானே?" என்று நாலு தடவை கேட்டார். பிறகு கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டியொன்றை மடியில் வைத்துக் கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் குட்டியின் தாய்க்குக் காது கேட்குமா என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது வீதியில் சாமி ஊர்வலம் போயிற்று. அதிர்வேட்டு வெடித்தது. அண்டை வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. குட்டியோ திண்ணையில் தூங்கியபடியே தூங்கிற்று. வீட்டிலுள்ளவர்கள் அதற்குத் "திருஷ்டி" என்று பெயர் சொல்லிக் கழுத்தில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டிருந்தார்கள். கயிறு கட்டினால் காது கேட்குமா?

இது திருஷ்டியுமல்ல, தலையெழுத்துமல்ல. நிறத்தைக் கொடுக்கும் அணுக்கள் தோலில் மாத்திரம் இருப்பவையல்ல. உள்காதிலும் அவை இருந்து வேலை செய்தாக வேண்டும். அங்கு அவை இல்லாமற் போனால் ஓசையை வாங்கும் நுண்ணிய அணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் செத்துப் போகின்றன. பிறகு எந்த மருந்தாலும் அவை பிழைப்பதில்லை. வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வெள்ளையே வேண்டும், வெள்ளைக்கும் வெள்ளைக்குமே சேர்க்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக்கொண்டே வந்தால் செவிடும் கூடவே வரும். ராஜபாளையம் நாயில் இக்குறை உண்டென்பது அந்நாயை அறிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். சீமையிலிருந்து வந்த புள்ளி நாயான டால்மேஷனிலும் இதே கதைதான். 2005ஆம் வருஷத்தில் சர்க்கார் தபால் தலை போட்டுப் பெருமைப்படுத்திய நமது நாட்டு நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமை உண்மையானால், அதன் நிறத்தைக் காப்பாற்றுவதற்கு முன் அதன் காதையல்லவா காப்பாற்ற வேண்டும்?

பூனை விஷயத்திலும் இப்படியே. கறுப்புப் பூனை எதிரே வந்தால் காரியம் கெடுமென்று அதைக் கல்லால் அடிக்கிறவர்கள், நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவ்வகைப் பூனைகள் பல செவிடு என்பதை டார்வின் 1859இல் வெளியிட்ட தமது புத்தகத்திலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். பஞ்சு மூட்டை போன்ற பாரசீகப் பூனைகளில் சிலவற்றுக்குப் பிறக்கும்போதே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன. அவை வருஷா வருஷம் பெருத்து, பூனை நடு வயதடையும்போது அதைக் கொன்றுவிடக்கூடும். தாய் தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இந்நோய் இருந்தாலும் குட்டிகளில் சுமார் பாதிக்கு வந்துவிடும். ஸ்கேன் செய்து பார்த்தால் தெரியக்கூடிய விஷயம் இது. ஆனால் யார் பார்க்கிறார்கள்?

இனிக் கடலூர் சங்கதிக்கு வருவோம். 2003இல் ஹட்ச் என்னும் டெலிபோன் கம்பெனி, ஒரு பையன் போகுமிடமெல்லாம் பக் என்ற சப்பை மூக்கு நாய் பின்னாலேயே ஓடுவதாக விளம்பரம் செய்தது. அதிலிருந்து தேசமெங்கும் அந்நாய்க்கு ஆசை பிறந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் நமக்குத் தெரிந்த வீடொன்றிலும் அது வந்து சேர்ந்தது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது. பக் நாய்க்கோ மூக்கும் தொண்டையும் நசுங்கிப் போயிருப்பதால் மூச்சுவிடுவதே பெரும் பாடு. கத்திரி வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேர்ந்தால் அது என்ன செய்யும்? அந்த வீட்டு நாய் ராத்திரியில் குறட்டை விடுவதைக் கேட்டு வீட்டார் சிரித்துக் கொண்டிருந்தார்கள். அது மூச்சுக்குத் தவிக்கும் சத்தமென்று மாட்டு டாக்டர் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. அந்த மூக்கு இயற்கை கொடுத்ததல்ல. பார்க்க வேடிக்கையாயிருக்கிறதென்று மனிதன் பொறுக்கிப் பொறுக்கி நசுக்கிய மூக்கு.

"அசல் ஜாதி என்று பத்திரம் இருக்கிறதே" என்பார்கள். லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது 1873இல். அது முதல் நாய்களுக்கு வம்சாவளி எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அந்தப் பத்திரம் இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்பதற்குச் சாட்சி. நோயில்லை என்பதற்குச் சாட்சியல்ல. சுத்தம் சுத்தமென்று தகப்பனோடு மகளையும் அண்ணனோடு தங்கையையும் சேர்த்துச் சேர்த்து நோய் மலிந்த பிறகு, 2009இல் அந்தச் சங்கமே அத்தகைய சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்ய முடியாதென்று விதி செய்ய வேண்டியதாயிற்று. காரணம் என்னவென்றால், பல நோய்களின் வித்து ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் வந்தால் மறைந்து கிடக்கும். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் அதே வித்தைக் கொடுத்தால் வெளிப்பட்டுவிடும். ஒரே இரத்தத்திற்குள் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே வித்து இருப்பது சுலபமல்லவா? அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவதே முறையென்று நினைக்கும் நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்லிவரும் எச்சரிக்கையும் இதுவேதான்.

இதைப் படித்துவிட்டு, "நாயிலே ஜாதி உண்டென்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே, அப்படியானால் மனிதரிலும் உண்டுதானே?" என்று சில புத்திசாலிகள் கேட்க வரலாம். நாய் ஜாதி என்பது மனிதன் தன் ஆசைக்காகப் பிடித்துக் கட்டிச் செய்த வேலை. இப்பொழுது பெருமையாகப் பேசப்படும் ஜாதிகளில் அநேகம் இருநூறு வருஷத்திற்குள் இன்றைய உருவம் அடைந்தவை. மனிதரின் ஜாதியோ உடம்பில் எங்கும் காண முடியாத வெறும் கட்டு. அன்றியும், நாயிலே கூட "சுத்தம்" கண்ட பலன் செவிடும் இரைப்புமாக இருக்கும்போது, அந்தப் பேச்சை மனிதரிடம் கொண்டுவர வெட்கமாயில்லையா என்று கேட்கின்றோம்.

நம் தெருக்களிலே திரியும் நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரைப் பாருங்கள். நம் மக்களில் ஒரு வகுப்பாரின் பெயரையே எடுத்து அதன் தலையில் கட்டிவிட்டான். இழிவு படுத்தப்பட்ட நாயும் மனிதரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்! ஆனால் அந்த நாட்டு நாயோ பல இரத்தம் கலந்து, நமது வெயிலிலும் மழையிலும் பிழைத்து வந்த உடம்பு. அதற்கு நோயே வராதென்று நாம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கெட்ட வித்து சேரும் ஆபத்து குறைவு என்றுதான் சொல்லுகின்றோம். காவலுக்கும் அன்புக்கும் நாய் வேண்டுகிறவர் திருப்பாப்புலியூர் கடைத்தெருவிலோ புவனகிரிச் சந்தையிலோ கிடக்கும் குட்டியை எடுத்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து வளர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அப்படியின்றி இன்ன நாய்தான் வேண்டும் என்கிறவர்கள் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். தாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவென்று கேளுங்கள். அல்சேஷன், லாப்ரடார் என்றால் தாய் தகப்பனின் இடுப்பு எலும்பை, வளர்ச்சி முடிந்த பிறகு, எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். வெள்ளைக் குட்டியானால், அது திரும்பியிருக்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மாத்திரம் செவிடானால் இதில் தெரியாது. அதற்குக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் ஏற்பட்ட சர்க்கார் விதிப்படி எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. குட்டி போட்டு விற்கிறவர் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிந்திருக்கவும் வேண்டும். சந்தேகமிருந்தால் உள்ளூர்க் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரி குரும்பாபேட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஜோசியரிடம் போகிற பஸ் சார்ஜில் பாதி அங்கே போனாலும் போதும்.

நகம் எண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 நகம்தான் நல்லதென்பார் ஒருவர். 20தான் அதிர்ஷ்டம் என்பார் மற்றொருவர். பின்னங்காலில் மிகுதியாக ஒரு நகம் இருப்பதும் தாய் தகப்பனிடமிருந்து வருவதே. ஆகவே பரம்பரை என்று ஒன்று உண்டென்பது இவர்களுக்கும் தெரிந்தேயிருக்கிறது. நகத்தில் அதைப் பார்த்தவர்கள் காதிலும் மூச்சிலும் இடுப்பிலும் பார்க்க மறந்ததுதான் குற்றம்.

நிற்க, நமது சிதம்பரத்து நண்பர் சென்ற மாதம் நம்மிடம் வந்து, "வெள்ளையிலேயே ஒரு பெட்டை அகப்பட்டிருக்கிறது. அதே இடத்துக் குட்டிதான். சேர்த்தால் குட்டி நல்ல விலை போகும்" என்றார். "உங்களைப் போல் இன்னும் ஆறு பேரை ஏமாற்றவா?" என்று கேட்டோம். வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு தாமே நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கருத்தடை செய்துவிட்டார். கறுப்புக் கயிற்றையும் அறுத்துவிட்டார். இப்பொழுது அவர் மகள் கையை உயர்த்தினால் அது உட்காருகிறது. கையை அசைத்தால் ஓடி வருகிறது. வெளியே போகும்போது மாத்திரம் கயிற்றை விடாமல் பிடித்துக் கொள்கிறார்கள். செவிடென்று தெருவில் விரட்டிவிடாமல் அதை வளர்ப்பதும், அந்தக் குறையை மேலும் பெருக்காமல் அத்துடன் நிறுத்துவதுமே மனிதத் தன்மையாகும். ஆகவே இனிமேல் குட்டி வாங்கப் போகும் தோழர்கள் "என்ன ஜாதி?" என்பதை விட்டுவிட்டு, "தாய் தகப்பன் சுகமாயிருக்கின்றனவா?" என்று முதலில் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.