ஷிப்ட் ஆறு மணிக்கு... பால்வாடி எத்தனை மணிக்கு?

மத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் விடியற்காலையில் போனால் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை. போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் போகிறவர்களும் உண்டு. கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேலை என்றால் மாந்தோப்பு, மாங்கூழ் ஆலை, களையெடுப்பு. இல்லையென்றால் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை. இன்று பி.எஃப், இ.எஸ்.ஐ பிடித்தத்தோடு மாதச் சம்பளம் வருகிறது.

2021 செப்டம்பரில், போச்சம்பள்ளி ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று ஓலா நிறுவனம் அறிவித்தபோது நாடே நம் மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2019-20ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவிகிதம் பேர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள்.

பெருமையான விஷயம்தான். ஆனால், பஸ் ஏறும் அந்தப் பெண்களில் கைக்குழந்தை வைத்திருப்பவரைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. சாயங்காலம் வரை அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

‘ஆயா’ என்றால் யார்?

நம் பக்கத்தில் ‘ஆயா’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, பாட்டி. இன்னொன்று, பால்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பால்வாடி ஆயாவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. வீட்டு ஆயாவுக்குக் கிடையாது. ஆனால், நம் ஊர்த் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்ட் ஓடுவதே பெரும்பாலும் வீட்டு ஆயாவை நம்பித்தான்.

அந்த ஆயாவுக்கு எப்போதும் எழுபது வயது என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகும் ஊர்களில் நாற்பத்தைந்து வயதிலேயே ஆயா ஆகிவிடுகிறார்கள். மாடு கறக்க வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும், சந்தைக்குக் காய் எடுத்துப் போக வேண்டும் என்று இருந்தவர், பேரப்பிள்ளைக்காக அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டில் உட்காருகிறார். மகள் கொண்டுவரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். அம்மா விட்ட வருமானத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆயாவே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. ஓசூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கும் இளம் தம்பதிக்கு உதவ யார் இருக்கிறார்கள்? சில வீடுகளில் கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட் என்று மாற்றிக்கொள்கிறார்கள். இருவரும் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் அக்காவை நிறுத்தித் தம்பியைப் பார்க்க வைக்கிறார்கள். எதுவும் சரிவராதபோது அம்மா வேலையை விடுகிறார். இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தால் பழைய சம்பளமும் இல்லை, சீனியாரிட்டியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே, 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 12 வாரமாக இருந்த மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது: 50 பேர் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம்.

50 பெண்கள் என்று அதில் இல்லை. ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து 50 பேர். அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். ஓய்வு நேரமும் அதில் அடங்கும். வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 50 பேர் என்ற அளவு தொடர்கிறது. சிப்காட் போன்ற இடங்களுக்கு உதவக்கூடிய ஒரு வரியும் அதில் இருக்கிறது. பல நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம். அரசோ, உள்ளாட்சியோ, தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே, ‘எங்கள் கம்பெனி சின்னது, இடமில்லை’ என்ற பதில் இனி செல்லாது.

இடிக்கும் இடம், கடிகாரம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை ஆறு மணி ஷிப்ட். மத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து போச்சம்பள்ளிக்குப் போகிறவர் ஐந்து மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஓசூருக்குப் போகிறவர் என்றால் அதற்கும் வெகு முன்னால். எட்டு மணி நேர வேலையோடு போக வரப் பயணத்தையும் சேர்த்தால் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அவர் வீட்டில் இல்லை.

இப்போது பால்வாடிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சத்துணவு, எடை பார்ப்பது, பாட்டு, கதை என்று பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்துவிட்ட இடங்கள் இவை. ஆனால், இவற்றில் பகல் முழுக்க இருப்பவர்கள் இரண்டு வயது தாண்டிய குழந்தைகள். மகப்பேறு விடுப்பு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து, ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். அதிலிருந்து இரண்டு வயது வரை என்ன செய்வது? அதோடு, காலை ஐந்து மணிக்கு எந்தப் பால்வாடியும் திறந்திருக்காது.

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இந்த இடைவெளியை அடைக்கத்தான் வந்தது. அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்துவது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை சேர்த்துக்கொள்வது, நாடு முழுவதும் 17,000 அங்கன்வாடி காப்பகங்கள் அமைப்பது என்பது இலக்கு. நல்ல திட்டம். ஆனால், அதன் வேலை நேரம் ஒரு நாளைக்கு ஏழரை மணி. ஆபீஸ் போகும் அம்மாவுக்குக்கூட அது இழுத்துப் பிடித்தால்தான் போதும். ஷிப்ட்டுக்குப் போகும் அம்மாவுக்குப் போதவே போதாது.

இத்தனைக்கும் 2018இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் காப்பகங்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில், நிறுவனம் பகல், இரவு ஷிப்ட்டுகளில் இயங்கினால் காப்பகமும் ஷிப்ட்டில் இயங்க வேண்டும் என்றே இருக்கிறது. அது காகிதத்திலிருந்து கேட் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

மலையில் நடந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பது

வேலை நேரத்தோடு காப்பகத்தை இணைப்பது புது யோசனை அல்ல. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளைக் காம்பரா’ என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார். இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஒரே ஆயாவிடம் நிறையக் குழந்தைகள், போதாத இடம் என்று அவற்றில் குறைகள் உண்டு. ஆனால், ஒரு விஷயத்தில் தெளிவு இருந்தது. பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை.

இன்னொரு உதாரணம் ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், கர்நாடகாவில் இருக்கிறது. 2023இல் அந்த மாநில அரசு ‘கூசின மனே’ என்ற திட்டத்தை அறிவித்தது. குழந்தையின் வீடு என்று அர்த்தம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காக 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்கள். அதே திட்டத்தில் வேலை அட்டை வைத்திருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவர்களுக்கே தருகிறார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும். சம்பளமில்லாமல் பிள்ளை பார்க்கும் ஆயாக்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால், பத்துக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும், ஊரிலேயே நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும்.

செலவு யாருடையது?

கம்பெனிதான் எல்லாச் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொல்வது சுலபம். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணை வேலைக்கு எடுத்தாலே செலவு என்று நினைக்கும் முதலாளி, அவரை எடுக்காமலே விட்டுவிடலாம். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதை ஃபாக்ஸ்கான் தவிர்த்தது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. திருமணத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு மகப்பேறு விடுப்புக் காலப் பணம் இ.எஸ்.ஐ நிதியிலிருந்து வருகிறது. அதனால் அந்தச் சுமை ஒரு கம்பெனியின் தலையில் மட்டும் விழுவதில்லை. காப்பகத்துக்கும் அதே மாதிரி யோசிக்கலாம். கட்டடத்தை அரசும் சிப்காட்டும் கொடுக்க, நடத்தும் செலவை நிறுவனங்கள் ஆள் கணக்கில் பகிர்ந்துகொள்ள, அம்மா அப்பா சம்பளத்துக்கு ஏற்ற ஒரு சிறு தொகையைக் கட்டலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. அவ்வளவு பெரிய வேலையைச் செய்த அரசால் சிப்காட்டுக்குச் சிப்காட் தொட்டில் கட்டவும் முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் கம்பெனி ஹெச்.ஆரிடம் காப்பக வசதி பற்றி எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமா? நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்பாக்களும் கையெழுத்துப் போடலாம், பிள்ளை இருவருக்கும்தான்.

* கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவரா? நமக்கு இதெல்லாம் கிடையாது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு என்ன ஏற்பாடு என்று அதே மனுவில் கேளுங்கள்.

* பதில் வரவில்லையென்றால், ஓசூரில் இருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

* கிராம சபையில் பேசுங்கள். ‘எங்கள் ஊர் அங்கன்வாடியைக் காப்பகமாகவும் நடத்த வேண்டும், இத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்’ என்று நேரத்தையும் சேர்த்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எத்தனை வீட்டில், எத்தனை மாதக் குழந்தை, அம்மாவுக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

தனியார் காப்பகத்தில் சேர்க்கும் முன்...

வேறு வழியில்லாமல் தனியார் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பொம்மையையும் சுவர் பெயின்ட்டையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பத்துக்கு மேல் போகக் கூடாது. தாய்ப்பாலை எடுத்துக் கொடுத்தால் வைக்க ஃபிரிட்ஜ் இருக்கிறதா? கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு ஆகியவை குழந்தைக்கு எட்டாமல் இருக்கின்றனவா? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வார்கள்? முன்கூட்டிச் சொல்லாமல் நீங்கள் போனால் உள்ளே விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணுக்கு அழைக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒரு கோரிக்கை. கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பெண்களை ஏற்றுகிறது என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து, அதிகம் பேர் ஏறும் இடங்களில் முதலில் இரண்டு காப்பகங்களைத் தொடங்குங்கள். ஒன்று மத்தூரில், இன்னொன்று போச்சம்பள்ளியில். முதல் பஸ் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் கதவு திறக்கட்டும். கடைசி பஸ் வந்து, கடைசி அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பூட்டட்டும்.

உங்கள் வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.